காப்பிக்கு வலித்த பல்

பல் டாக்டராகப் புதிதாகப் போர்டு மாட்டியிருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பேர்வழி. கடைக்குப் போனால் சாமானைப் பார்க்கமாட்டேன், தராசைப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இதைப் பற்றி என் மனைவி சொல்லிச் சிரிக்காத ஆள் தென்காசியில் கிடையாது. ஆனால் இந்தக் குணம்தான் எனக்குச் சோறு போட்டது.

நம் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் எதையாவது மறைக்கிறார்கள். புகையிலை போடுவதை மறைப்பார்கள். ஏற்கெனவே ஒருவரிடம் போய்க் கெடுத்துக்கொண்டு வந்ததைக் கட்டாயம் மறைப்பார்கள். மறைப்பதைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. கண்டுபிடித்த பிறகு வாயை எப்போது திறப்பது, எப்போது மூடிக்கொள்வது என்பதில்தான் நாம் தடுமாறிப் போகிறோம்.

சென்னையில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. "எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிடுங்கக் கிளம்பாதே. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேள். கேட்டுவிட்டு அதையும் நம்பாதே, பல்லில் சூடோ குளிரோ வைத்துப் பார்" என்பார். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் அவர்.

இப்போது நீங்கள் பல்லை அழகு பண்ணுவதில் சூரர்களாக இருக்கிறீர்கள். வெள்ளையிலேயே பல வெள்ளைகளைப் புடவைக் கடை மாதிரி விரித்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோய் நொடி இல்லாத ஒரு பல்லை அழகுக்காக ராவித் தேய்க்க உட்காரும்போது கோமதி என்ற பெண்ணின் கதையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தென்காசி ரயிலடிப் பக்கத்தில் ஒரு மாடி அறை என் ஆஸ்பத்திரி. காலால் மிதித்து ஓட்டுகிற துளைபோடும் எந்திரம், ஒரு நாற்காலி, மூலையில் பானைத் தண்ணீர். கீழே காப்பி கிளப். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம். குற்றாலத்திலிருந்து ஆவுடையம்மாள் என்ற அம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். வீடும் தோப்புமாக வசதியான குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகன் சண்முகவேல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். வைகாசியில்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மருமகள் கோமதி, செங்கோட்டை மர வியாபாரி ஒருவரின் மகள்.

அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைப் பார்த்தார். மூன்றிலும் திருப்தி வந்ததாகத் தெரியவில்லை.

"மூஞ்சி வலிங்கா டாக்டரய்யா. கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கா. பல்லு வலியாட்டின்னு கேட்டா இல்லங்கா. பத்துப் போட்டாச்சி, மந்திரிச்சிப் பாத்தாச்சி. ஒண்ணுக்கும் கேக்கல. ஏதாவது கேட்டா பதில் சொல்லாம வாயத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கா. நம்ம வீட்டு அன்னந்தண்ணி பிடிக்கலியோ என்னமோ, காப்பியக் குடுத்தா கையில வாங்கிட்டுப் போயி வாழை மூட்டுல ஊத்திட்டு வாரா. நான் என் கண்ணால பாத்தேன்."

"எங்கம்மா வலிக்குது?" என்று கோமதியிடம் கேட்டேன். வலது கன்னத்தில் கையை வைத்து, கண்ணுக்குக் கீழே கொண்டுபோய், நெற்றிப் பொட்டு வரை இழுத்துக் காட்டினாள்.

"பல்லுல வலி இல்ல டாக்டர்" என்றாள்.

நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் என் காது விறைத்துக்கொள்ளும். வாயைத் திறக்கச் சொன்னேன். சொத்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் மேல்வரிசையில் வலது பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல் பீங்கான் உறை. யார் செய்தாரோ, கைதேர்ந்த வேலை. நிறம் அப்படியே பொருந்தியிருந்தது. ஈறோரத்தில் மயிரிழை போல் ஒரு கோடு ஓடியதால்தான் எனக்கே தெரிந்தது. என் சின்னக் கண்ணாடி அந்தப் பல்லண்டை போனதும் அந்தப் பெண்ணின் கண்கள் என் முகத்தில் அப்படியே நின்றுவிட்டன. பயத்தில் நின்ற கண்கள் அவை.

ஆவுடையம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னமும் தெரியுதா?"

"சொத்தை எதுவும் இல்லம்மா" என்றேன். அது உண்மைதான்.

"பல்லப் பாத்து வயசு சொல்லிருவாங்களாம்லா? மாட்டுக்குச் சொல்லுதாங்க. இவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலி என்று மருமகளைக் கூட்டி வந்தவர் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பது? "நீங்க என்ன வயசுன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"பதினெட்டுன்னு சொன்னாங்க" என்று அந்த அம்மா 'சொன்னாங்க'வை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் அந்த வீட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் பொய்ப்பல்லை மறைத்திருக்கிறார், மாமியார் வேறு எதையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார், நடுவில் ஒரு கன்னம் வலிக்கிறது. மாப்பிள்ளை வேறு போலீஸ்காரர். ஆவுடையம்மாள் எச்சில் கிண்ணத்தை அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்த சமயம் பார்த்துக் குனிந்து, "வீட்ல யாராவது கை நீட்டினாங்களா?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வந்தது. போலீஸ்காரன் கைதான் என்று எனக்குள்ளே தீர்ப்பு எழுதிவிட்டேன். வலிக்கு மாத்திரை கொடுத்து, மறுபடி வரச் சொன்னேன்.

மாடிப்படியில் மருமகளை முன்னால் இறங்கவிட்டு ஆவுடையம்மாள் நின்றார்.

"ஆடி பொறக்கப் போகுது. அழைச்சிட்டுப் போக அவ அப்பா வருவாரு. போறவ அங்கனயே இருந்துக்கிடட்டும். ஆவணியில போயிக் கூப்பிடுததா எனக்கு உத்தேசம் இல்ல."

புதுப்பெண் ஆடியில் தாய்வீடு போவதும் ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் போய்க் கூட்டி வருவதும் நம் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் நடப்பது. கூப்பிடப் போகாமல் விட்டால் என்ன அர்த்தம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சண்டை, பஞ்சாயத்து ஒன்றும் வேண்டாம். சும்மா இருந்தால் போதும், அந்தப் பெண்ணின் வாழ்க்கை முடிந்துபோகும். கீழே படியில் கோமதி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்திருந்தது.

சில நாள் கழித்துச் சண்முகவேல் தனியாக வந்தான். சீருடை இல்லை. ஆனாலும் உட்காருகிற தோரணையே ஆளைக் காட்டிக் கொடுத்தது. அறையின் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் சோதனை போட்டுவிட்டு, "அவளுக்கு என்ன டாக்டர்?" என்றான்.

"நீங்கதான் சொல்லணும்" என்றேன் கடுப்பாக.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் அடிச்சிருப்பேன்னு நெனைக்குதியளோ?"

என் பார்வை அவன் கைகளுக்குப் போனது.

"அப்படி நெனைக்கவங்க மூஞ்சி எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல தெனமும் பாக்கேன். அம்மா மேல சத்தியமா இதுவரைக்கும் ஏட்டின்னு அதட்டிக்கூட அவளக் கூப்பிட்டதில்ல" என்றான். பிறகு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஆனா அதவிட அசிங்கமா ஒண்ணு செஞ்சிட்டேன். சொல்லவே கூச்சமா இருக்கு. அவ தெனமும் விடிஞ்சதும் குடத்தத் தூக்கிட்டு அருவிக்குப் போயிருதா. வீட்ல கெணறு இருக்கு. அம்மா ஒரு மாதிரியாச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கும் மனசு கெட்டுப் போச்சி. யாரையோ பாக்கப் போறான்னு நெனைச்சி பின்னாலயே போனேன்."

"யாரைப் பார்த்தா?"

"யாரையும் பாக்கல. பெரிய அருவிப் பக்கமே போகல, சிற்றருவிக்குப் போனா. அங்கன பாறை ஓரத்துல மெல்லிசா ஒழுகுதுல்லா, அதுக்குக் கீழ போயி நின்னா. குளிக்கல. வாயத் தொறந்து மூஞ்சிய மட்டும் தண்ணிக்குக் காட்டிக்கிட்டு அப்படியே நிக்கா. நின்னுக்கிட்டே அழுதா. பொறவு குடத்த ரொப்பிக்கிட்டு, வாய் நெறைய தண்ணிய அடக்கிக்கிட்டு நடந்தா. எதிர்ல தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க வந்து பேச்சுக் குடுத்தாங்க. தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. வாயில தண்ணி இருந்தா எப்படிப் பேசுவா?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். மாமியார் கேட்டால் பதில் சொல்லாமல் நின்றது திமிரால் இல்லை. காப்பி வாழைக்குப் போனது அருவருப்பால் இல்லை. சூடு பட்டால் உயிர் போகிற வலி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுகம். உயிருள்ள பல்லை உறை போடுவதற்காக ஆழமாக ராவிவிட்டால், உள்ளே நரம்பு உடனே சாகாது. மெல்ல மெல்ல அழுகும். கூட்டுக்குள் காற்று சேர்ந்து, சூட்டில் அது விரிந்து, வலி கன்னத்துக்கும் கண்ணுக்கும் பொட்டுக்கும் பாயும். எந்தப் பல் என்று நோயாளிக்கே சில சமயம் தெரியாது. இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். ஆனால் படித்த அந்த விஷயம் குடமெடுத்துக்கொண்டு சிற்றருவிக்குப் போகும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

"இதை அம்மாகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? பொண்டாட்டி பின்னாலயே துப்பறியப் போனேன்னா?" என்றான். பாவம், அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. அவனைப் பற்றி நான் எழுதிய தீர்ப்பை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

விசுவநாதர் கோயிலுக்கு என்று சொல்லி மறுநாள் அவளை அழைத்து வந்தான். அவனைக் கீழே காப்பி கிளப்பில் உட்காரச் சொல்லிவிட்டு, கோமதியிடம் நேரடியாகக் கேட்டேன். "இந்த உறை எங்கே போட்டது?"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகுதான் பேச முடிந்தது.

"எனக்குத் தெத்துப்பல்லு டாக்டர். சின்னதுலருந்தே அந்த ஒரு பல்லு மட்டும் வெளிய தூக்கிக்கிட்டு நிக்கும். பொண்ணு கேட்டு ஆளு வந்ததும் அப்பாக்குப் பயம் வந்திட்டு. பெரிய எடம், தெத்துப்பல்லப் பாத்தா வேண்டாம்னுருவாங்கன்னு. தென்காசியில செஞ்சா தெரிஞ்சிரும்னு ரயில்ல கொல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கன ராவி உறை போட்டாங்க. வலிச்சா உடனே வரணும்னு அந்த டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாரு. நான் எப்படிப் போவேன்? எதுக்குப் போறன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

கவனியுங்கள். கொல்லத்து டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். தூக்கி நிற்கிற பல்லை வரிசைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அவ்வளவு ராவித்தான் ஆக வேண்டும். அவர் எச்சரித்தும் இருக்கிறார். யாருக்கும் தெரியக்கூடாது என்று மலைக்கு அந்தப் பக்கம் போனவர்களுக்கு, திரும்பப் போக வழியில்லாமல் போயிற்று.

பிறகு அவள் கேட்டதுதான் என்னை உலுக்கியது.

"டாக்டர், பின்னால ஒரு கடவாப்பல்லப் பிடுங்கிருங்க. அதுதான் வலிச்சிதுன்னு அத்தைகிட்டச் சொல்லிருங்க. அவங்க நம்பிருவாங்க. இந்த முன்பல்ல மட்டும் தொடாதிய. இது ஒடஞ்சா நான் அங்கன இருக்க முடியாது."

"நல்ல பல்லப் பிடுங்கினா வலி நிக்குமாம்மா?"

"நிக்காட்டாலும் பரவால்ல. நான் தாங்கிக்கிடுதேன். நோவுக்குக் காரணம் தெரிஞ்சிட்டுன்னா திருப்பி அனுப்ப மாட்டாங்கல்லா."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இப்படி ஒரு பெண் தன் வாயில் நன்றாக இருக்கிற ஒன்றைப் பிடுங்கச் சொல்லி மன்றாட வேண்டியிருக்கிறதே என்று வந்தது. ஒரு நொடி கை இடுக்கியின் பக்கம் போகலாமா என்றுகூடத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். நோயாளியே கேட்கிறாள், அழுகிறாள், அவள் சொல்கிற கணக்கும் தப்பில்லை. ஆனால் அந்தப் பல் போனபின் வலி நிற்காது. அடுத்த பல்லைக் கேட்பாள். பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஒரு வாய் முழுவதையும் காலி செய்த கதைகள் நம் தொழிலில் உண்டு.

"பிடுங்கமாட்டேன்" என்றேன். "முன்பல்லைப் பின்பக்கமிருந்து, மேலண்ணம் பார்த்த பக்கத்தில் துளை போடுவேன். உறை ஒடையாது. முன்னால பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பல தடவை வரணும். தடவைக்கு ஒரு கோயில் பேர் சொல்ல முடியாது. உங்க அத்தையைக் கூட்டிட்டு வாங்க. அவங்களை வச்சிக்கிட்டுத்தான் செய்வேன்."

"சொல்லிருவியளோ?" என்று கேட்டாள்.

"பல்லோட கதையை நான் சொல்லமாட்டேன். வலியை மட்டும் அவங்களுக்குக் காட்டுறேன்."

ஆடி பிறக்கச் சில நாளே இருந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். ஆவுடையம்மாள் வரும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தார். நான் கீழேயிருந்து காப்பி வரவழைத்தேன், ஆவி பறக்க.

"எனக்கு வேண்டாம்" என்றார் அவர்.

"உங்களுக்கு இல்லம்மா. நீங்க பாருங்க."

கோமதியை ஒரு வாய் குடிக்கச் சொன்னேன். என்னைக் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். அடுத்த கணம் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. சத்தம் மட்டும் வரவில்லை, அதைப் பழகியிருந்தாள். உடனே பானைத் தண்ணீரைக் கொடுத்தேன். வாயில் அடக்கிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது, மூச்சு வந்தது.

"இப்ப அவங்ககிட்ட ஏதாவது கேளுங்கம்மா" என்றேன்.

ஆவுடையம்மாள் மருமகளையே பார்த்தார். உப்பிய கன்னத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டால் ஏன் பதில் வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சண்முகவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெனமும் இப்படித்தானாட்டி?" என்றார் கடைசியில். கோமதி தலையை ஆட்டினாள்.

"முன்னால ஒரு பல்லுல நரம்பு கெட்டுப் போச்சி" என்று அந்தப் பல்லைக் காட்டினேன். அவ்வளவுதான், அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கிட்டே வந்து குனிந்து, அந்த ஒரு பல்லையே முறைத்துப் பார்த்தார். பிறகு என் கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்டார்.

"டாக்டரய்யா, மறைக்காமச் சொல்லணும். அது இவ பல்லுதானா?"

கோமதியின் கை என் சட்டை நுனியைப் பிடித்தது. ஆமாம் என்றால் நாளைக்கு உறை கழன்று விழும்போது அவளும் நானும் சேர்ந்து பொய்யர்கள் ஆவோம். இல்லை என்றால் அவள் கதை இன்றோடு முடிந்தது. சொல்ல மாட்டேன் என்றால் அதுவே பதில். இந்த மாதிரி நேரத்தில் பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. அந்த வாயில் உண்மையாக எது இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வேர் அவளுடையது. சாகிற நரம்பும் அவளுடையதுதான்.

"அவங்க பல்லு இல்லேன்னா அவங்களுக்கு ஏம்மா வலிக்குது?" என்றேன்.

ஆவுடையம்மாள் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று பின்னால் போய் உட்கார்ந்தார். ஆனால் கேட்டது இதற்கில்லை என்பதுபோல் முகம் இறுகியே இருந்தது. எனக்கு அது உறுத்தியது.

எந்திரத்தை மிதித்தேன். பின்பக்கமாகத் துளை உள்ளே இறங்கியதும் குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. சண்முகவேல் மூக்கைப் பொத்தினான். எனக்கு அது சந்தன வாசம் மாதிரி இருந்தது, ஏனென்றால் அந்தப் பெண்ணின் முகம் அப்போதே தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் போய், வயதுக்குரிய முகமாக ஆகிவிட்டது. கழுவி, மருந்து வைத்து முடித்தேன். ஆவுடையம்மாளே கீழே ஆளனுப்பி இன்னொரு காப்பி வாங்கி வரச் செய்தார். அவரும் என்னைப் போலத்தான், வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கோமதி அதை முழுக்கக் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள்.

"நம்ம வீட்டுக் காப்பி இதவிட நல்லா இருக்கும்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆடி பிறந்தது, கோமதியை அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். கொஞ்ச நாளில் ஆவுடையம்மாள் மட்டும் மாடியேறி வந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். தனக்குப் பல்லில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்.

"ஆவணியில போயிக் கூப்பிடவா வேண்டாமாங்கது உங்க வாயிலதான் இருக்கு" என்று ஆரம்பித்தார். "நான் ஒண்ணு மனசுல வச்சிப் புழுங்கிக்கிட்டு இருக்கேன். மகன்கிட்டகூடச் சொல்லல. போன ஐப்பசியில சஷ்டிக்கு ஆய்க்குடி கோயிலுக்குப் போயிருந்தேன். யாரோ நேர்ந்துக்கிட்டு ஆத்துப் படியில பாயசம் ஊத்தினாங்க. சின்னப் பிள்ளையெல்லாம் வழிச்சித் திங்குது. அதப் பாத்துக்கிட்டு ஒரு பொண்ணு சிரிச்சிட்டு நிக்கா. ஒரு பல்லு மட்டும் தெத்தா வெளிய தெரியுது. அது தெரியத் தெரிய இன்னும் சிரிக்கா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிச்சிப் போச்சி. நம்ம வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலம் ஆச்சி. யாரு வீட்டுப் பிள்ளன்னு விசாரிச்சித்தான் செங்கோட்டைக்கு ஆளு அனுப்பினேன்."

"அப்புறம்?" என்றேன்.

"பொண்ணு பாக்கப் போனப்ப தலையத் தூக்கவே இல்ல. கல்யாணத்துல ஓமப் புகை. மறுவீடு முடிஞ்சி வந்த பொறவுதான் பல்லப் பாத்தேன். வரிசையா இருக்கு. சிரிப்பையும் காணோம். அந்த வீட்ல அண்ணன் தம்பி பிள்ளையெல்லாம் ஒரே சாயல். ஆள மாத்திட்டாங்கன்னு எனக்குப் பட்டுட்டு. நான் பாத்த பிள்ளய வச்சிக்கிட்டு, வயசு கூடின இன்னொண்ண என் மகன் தலையில கட்டிட்டாங்கன்னு. அதான் உங்ககிட்ட வயசு கேட்டேன். அதான் இவ பல்லுதானான்னு கேட்டேன். நீங்க சாமர்த்தியமா ஒரு பதிலச் சொல்லி அனுப்பிட்டிய."

எந்தப் பல்லைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டாரோ, அதே பல்லை ஒளிக்க மலை தாண்டிப் போய் ராவித் தள்ளியிருக்கிறார்கள். பெற்றவர் பயத்தில் செய்தார். இந்த அம்மா சந்தேகத்தில் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ஒரு பெண் அருவிக்குக் கீழே நின்று அழுதிருக்கிறாள்.

"இப்பம் சொல்லுங்க. அந்தப் பல்லு முன்ன எப்படி இருந்திச்சி?" என்றார்.

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்தது, நல்லதற்குத்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு, இது என் வாயிலிருந்து போனால் மாமியாருக்குத் தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். மருமகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

"அம்மா, இப்ப எங்கிட்டச் சொன்னதை இதே மாதிரி அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன். "பல்லைப் பத்திக் கேக்காதீங்க. பாயசத்தைச் சொல்லுங்க, சிரிச்சதைச் சொல்லுங்க, உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்க எதையும் கேக்க வேண்டியிருக்காது."

பதில் சொல்லாததே ஒரு பதில் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். "செங்கோட்டைக்கு இப்பம் வண்டி உண்டுமா?" என்று கேட்டார். ஆடியில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பது அவர் அந்தஸ்துக்கு எவ்வளவு குறைச்சல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வண்டியிலேயே போனார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். சந்தேகப்படுங்கள், தாராளமாகப் படுங்கள். வலிக்கிற இடத்தைச் சந்தேகியுங்கள், வலி இல்லை என்கிற வாயைச் சந்தேகியுங்கள், சட்டென்று நமக்கு வருகிற தீர்ப்பையும் சந்தேகியுங்கள். ஒரு நல்ல பல்லை மாற்றச் சொல்லி யாராவது வந்தால், இது யாருக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் வாயால் அப்படிச் சொன்னார்களா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எந்திரத்தைத் தொடுங்கள்.

ஆவணியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தார்கள். கோமதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வந்ததைச் சொல்லாமல் நெளிந்தாள். "நீயே சொல்லு தாயி" என்றார் ஆவுடையம்மாள்.

"இந்த உறைய எடுத்திட்டுப் பழையபடி வைக்க முடியுமா டாக்டர்? தெத்தா?"

ராவின பல் வளராது, அதை மறுபடி உண்டாக்க என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது என்றேன். ஆனால் உறையை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். தொழிலில் இருந்த காலமெல்லாம் கோணலை நேராக்கியே பிழைத்தவன் நான். அந்த ஒரு தடவைதான், வரிசையில் ஒழுங்காக நின்ற பல்லை எடுத்துவிட்டுக் கோணலாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். மெழுகில் முதலில் வடித்துப் பொருத்திப் பார்த்தேன். பழைய பல்லுக்கு அளவு கிடையாது, படம் கிடையாது. கோமதிக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் சிரிப்பைத் தானே பார்த்தவர்கள் யார்?

ஆவுடையம்மாள் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "இன்னும் செத்த வெளிய வரணும்" என்றார். இழுத்தேன். "இவ்வளவு வேண்டாம். லேசா முன்பல்லு மேல சாஞ்சாப்பல இருக்கும்." சாய்த்தேன். எடுத்துச் செதுக்கினேன், மறுபடி வைத்தேன். அந்த அம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், திருப்திப்படவில்லை.

"சிரிச்சாத்தான் தெரியும். கொஞ்சம் சிரி தாயி" என்றார்.

வாயில் மெழுகோடு எப்படிச் சிரிப்பது என்று கோமதி திணறினாள். அந்தத் திணறலே அவளுக்குச் சிரிப்பை மூட்டிவிட, அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தாள். ஆவுடையம்மாள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"இவதான்" என்றார்.